சந்தாபுராவின் கடன்காரி

வங்கியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது, இனி யாருடைய கணக்கையும் பார்க்கப் போவதில்லை என்று ஒக்கலிபுரத்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. கூட வேலை பார்த்த மேலாளர் ஒருவர் கூப்பிட்டார். ஓர் அறக்கட்டளை கடன் ஆலோசனை மையம் நடத்துகிறது, தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த ஆள் வேண்டும், வாரத்தில் நான்கு நாள் வந்தால் போதும் என்றார். பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம், இரண்டாவது மாடி. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சேர்ந்துவிட்டேன்.

கடனில் சிக்கியவர்கள் வருவார்கள். யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள், என்ன வட்டி, வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவேன். எதை முதலில் அடைப்பது, எந்தக் கம்பெனியிடம் தவணையைக் குறைத்துக் கேட்பது என்று வழி சொல்வேன். இதற்குக் கட்டணம் கிடையாது. அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. இலவசம் என்று சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்வார்கள். நானும் அவர்களை முழுதாக நம்பியவள் இல்லை. கடன் பகுதியில் அத்தனை வருடம் இருந்தவளுக்கு, ஒருவர் மூன்று கடன் என்று சொன்னால் ஐந்து இருக்கும் என்று மனசு தானாகவே கூட்டிக்கொள்ளும்.

அந்தப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நீங்க பேங்க் ஆளுங்களா?"

"முன்னாடி பேங்க்ல இருந்தேன். இப்ப இல்ல."

"அப்ப உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?"

"ஒரு டிரஸ்ட் குடுக்குது."

"டிரஸ்டுக்கு யாரு குடுக்கறாங்க?"

அந்த மையத்துக்கு வந்தவர்களில் அதுவரை யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பார்த்த பார்வையில் பொய் எடுபடாது என்று தோன்றியது. சில வங்கிகளும் சில கடன் கம்பெனிகளும் சேர்ந்துதான் பணம் தருகின்றன என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பி வாசல்வரை போனாள். அங்கேயே நின்று ஏதோ யோசித்தாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உண்மைய சொல்லிட்டீங்க. அதனால ஒக்கார்றேன். ஆனா பேரு சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க. பேப்பர்ல எழுதுங்க. அந்தப் பேப்பர நான் எடுத்துக்குவேன்."

ஆதார் எண் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்பது மையத்தின் விதி. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தேன். நான் எழுத ஆரம்பிப்பதற்குள் அவள் தன் போனை எடுத்து என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு ஆதாரம் வேணும்ல" என்றாள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர். கல்யாணம் ஆனதிலிருந்து நகரத்தின் கோடியில், ஓசூர் சாலைச் சந்தாபுராவில் இருக்கிறாள். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவுப் பணியாளர்களுக்கு சூப்பர்வைசர். சம்பளம் பத்தொன்பதாயிரம். கணவர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து மாதத்தில் பாதி நாள்தான் வேலைக்குப் போகிறார். ஐந்தாயிரம் வந்தால் அதிகம். பெங்களூரில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடனை எல்லோரும் 'சங்கம்' என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு மூன்று கம்பெனிகளில் சங்கம் இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து மாதம் பதினேழாயிரத்து எண்ணூறு கட்ட வேண்டும். அப்புறம் வீட்டு வாடகை, மகனின் படிப்பு, கணவரின் மருந்து. கூட்டிப் பார்த்தேன். வருமானம் இருபத்து நாலாயிரம். செலவு முப்பத்து மூவாயிரம்.

"மாசம் ஒன்பதாயிரம் உதைக்குதேம்மா. எத்தன தவணை பாக்கி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒரு நாள்கூட தள்ளிப் போனதில்ல. கார்ட பாருங்க."

மூன்று கடன் அட்டைகளையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தாள். உண்மைதான். எல்லாக் கட்டத்திலும் முத்திரை இருந்தது.

"அப்ப அந்த ஒன்பதாயிரம் எங்கேர்ந்து வருது?"

"எப்படியோ சமாளிக்கறேன்."

கடன் பகுதியில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அந்த 'எப்படியோ'. அதற்குப் பின்னால் எப்போதும் ஒன்று இருக்கும். வேறொரு வட்டிக்காரனா, யாருடைய நகையையோ அடகு வைத்திருக்கிறாளா என்றெல்லாம் யோசித்தேன். இவற்றைவிடக் கேவலமான ஒன்றையும் நினைத்தேன். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சந்தாபுராவிலிருந்து வருகிறவள், பக்கத்திலேயே ஒரு மையம் இருக்க, வார விடுமுறையைச் செலவழித்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்ததும் உறுத்தியது. தெரிந்தவர்கள் யாரும் தன்னை இங்கே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் வந்திருக்கிறாள் என்பது புரிந்தது. காரணம் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். அதே தாள், அதே எண்கள். எல்லாவற்றையும் சொன்னால்தான் வழி சொல்ல முடியும் என்றேன்.

"டாக்டர்கிட்டகூட எல்லாத்தையும் யாரும் சொல்றதில்ல மேடம்" என்று தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இனி வர மாட்டாள் என்று நினைத்தேன்.

மாநில அரசு சிறுகடன் பற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்த சமயம் அது. தவணை கட்டச் சொல்லிக் கடன் வசூலிப்பவர்கள் வீட்டு வாசலில் உட்காருவது, மிரட்டுவது, வீட்டைப் பூட்டுவது எல்லாம் குற்றம். பதிவோ லைசென்ஸோ இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் ஏழைகள் வாங்கிய கடன் தீர்ந்ததாகவே கருதப்படும். இதையெல்லாம் மக்களிடம் சொல்ல எங்கள் மையம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. தமிழ் பேசும் இடங்களுக்கு என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்தாபுராவுக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். அறுபது பெண்கள் வந்திருந்தார்கள்.

நான் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்தார்.

"சங்கத்துல வாங்காம, தெரிஞ்சவங்க கையில வாங்கினா?"

"வட்டி வாங்கறாங்களாம்மா?"

"நூத்துக்கு அஞ்சு."

"மாசத்துக்கா?"

"மாசத்துக்குத்தான்."

"அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பலர் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், நீலச் சீருடையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருப்பாள் போல. யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். அந்த ஒன்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போதே அவள் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப் பத்தி விசாரிச்சுட்டுத்தான அந்தக் கூட்டம் போட்டீங்க?"

"உங்க பேருகூட எனக்குத் தெரியாதும்மா."

"சந்தாபுரான்னு சொன்னேன்ல. அது போதாதா? நான் ஒண்ணு மறைக்கறேன்னு உங்களுக்கு அப்பவே தெரியும். அதான் ஆளுங்கள உட்டு விசாரிச்சிருக்கீங்க."

இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசிவரை நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

சங்கத்தில் இருபத்து நாலு சதவீத வருட வட்டிக்கு வாங்குவாள். கம்பெனிகள் கடன் தர மறுத்த பெண்களுக்கு அதை நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்குக் கொடுப்பாள். வயது தாண்டியவர்கள், முன்பு தவணை தவறியவர்கள், ஆதாரில் வேறு ஊர் முகவரி இருப்பவர்கள் என்று பதினோரு பேர். மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெளியே நின்றது. மாதம் ஒன்பதாயிரம் வட்டி வரும். அதை வைத்துத்தான் சங்கம் கட்டினாள். தமிழில் கடன்காரி என்றால் கடன் வாங்கியவளும்தான், கொடுத்தவளும்தான். அவள் இரண்டுமாக இருந்தாள்.

"சனிக்கிழமையோட எல்லாம் போச்சு. ஞாயித்துக்கிழம வசூலுக்குப் போனா, லைசென்ஸ் எங்கக்கான்னு சின்னப் பொண்ணுங்க கேக்குது. நீங்க இன்னொரு கூட்டம் போட்டு, இது தெரிஞ்சவங்களுக்குள்ள வாங்கறதுக்குப் பொருந்தாதுன்னு சொல்லுங்க."

"பொருந்துமே. எப்படி மாத்திச் சொல்றது?"

"அப்ப நானும் கம்பெனிக்குக் கட்ட மாட்டேன்."

"அவங்க பதிவு பண்ணவங்க. கட்டித்தான் ஆகணும்."

"நான் கட்டணும். எனக்கு யாரும் கட்ட வேணாம். இது இன்னா சட்டம் மேடம்?"

சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. கம்பெனி ஆள் வாசலில் வந்து உட்கார்ந்தால் அவன் மேல் புகார் கொடுக்கலாம் என்றேன். "அவன் வாசல்ல ஒக்கார மாட்டான். அவனும் சட்டத்தப் படிச்சிருக்கான். தெருமுனையில நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி எனக்குப் போன் பண்ணிப் பேசறான்" என்றாள்.

நீங்கள் யாரையும் மிரட்டியதுண்டா என்று கேட்டேன். ஒருத்தரையும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றாள். நான் நம்பவில்லை.

நான் அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. என் அம்மாவும் வட்டிக்கு விட்டவர்தான். அப்பா ரயில்வே பணிமனையில் இருந்தார். அவருக்குத் தெரியாமல் அம்மா அக்கம்பக்கத்தில் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்து வாங்குவார். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தப் பணம். முதல் தேதி சாயங்காலங்களில் என்னைக் கூட அழைத்துக்கொண்டு வசூலுக்குப் போவார். சின்னப்பெண் கூட இருந்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்பதற்காகத்தான் அழைத்துப் போனார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெண்ணைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, நம்பவும் முடியவில்லை.

அந்த வாரமே வியாழக்கிழமை, கூட்டத்தில் கேள்வி கேட்ட வயதான அம்மா வந்தார். வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்கும் ஒரு பிஜியில் சப்பாத்தி போடுகிறவர். முழங்கைவரை சூட்டுத் தழும்புகள். மகளின் பிரசவத்தில் ஆபரேஷன் என்றபோது எந்தச் சங்கமும் அவர் வயதைப் பார்த்துக் கடன் தரவில்லை. சந்தாபுராக்காரி அன்றைக்கே இருபதாயிரம் கொடுத்திருக்கிறாள். இருபத்தாறு மாதமாக மாதம் ஆயிரம் வட்டி கட்டுகிறார். இருபதாயிரம் அப்படியே நிற்கிறது.

"அவங்க மிரட்டுவாங்களாம்மா?"

"சேச்சே, திட்டவே மாட்டா. வருவா, ஒக்காருவா. எங்க வூட்டு டிவியப் பாப்பா. காபி குடுத்தா குடிப்பா. பணம் குடுக்கற வரிக்கும் போவ மாட்டா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தபா மத்தியானம் வந்தவ, எம் மருமவன் வந்து கடன் வாங்கிக் குடுத்தப்புறம்தான் எழுந்தா. வெளக்கு வெச்சிட்டோம்."

புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா புகாருக்காக வரவில்லை.

"இந்தச் சட்டம் நாளைக்கும் இருக்குமா மேடம்? எலக்சன் முடிஞ்சா எடுத்துருவாங்களா? எடுத்துட்டா, அவ நான் கட்டாததெல்லாம் சேத்துக் கேப்பா. அப்புறம் ஒரு அவசரம்னா தரவும் மாட்டா. அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். அவ கெட்டவ இல்ல. அன்னிக்கு அவ குடுக்கலன்னா எம் பொண்ணு இல்ல."

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாமா என்று கேட்டேன். அந்த அம்மா வரமாட்டேன் என்றார். ஆனால் தன் கணக்கை அவளிடம் போட்டுக் காட்டச் சம்மதித்தார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மறுமுறை கொண்டுவந்தாள், துண்டில் சுற்றி. சட்டப்படி லைசென்ஸ் வாங்கியவர்கள்கூட அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்குப் பதினாறு சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது என்று சொல்லி, அந்த வட்டிக்கு ஒவ்வொருவர் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம் என்றேன். சப்பாத்தி போடும் அம்மாவின் பக்கத்தில் தொடங்கினோம். ஒவ்வொரு மாதமும் அவர் கட்டிய ஆயிரத்தில் நியாயமான வட்டி எவ்வளவோ அதைக் கழித்துக்கொண்டு, மீதியை அசலில் வரவு வைத்தேன். அசல் இறங்கிக்கொண்டே வந்தது. இருபத்து நாலாவது மாதத்தில் பாதி ஆயிரத்திலேயே கடன் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கட்டியதெல்லாம் அதிகப்படி.

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி எண்பத்து மூணு ரூபா நீங்க அவங்களுக்குக் குடுக்கணும்" என்றேன்.

"நானா? அவங்களுக்கா?"

"ஆமா."

என் கணினியில் ஏதோ பேங்க்காரர்களின் தந்திரம் இருக்கிறது என்றாள். தாளில் போடச் சொன்னாள். போட்டேன். தன் போனில் ஒவ்வொரு வரியையும் தட்டிச் சரிபார்த்தாள். மூன்றாம் முறை சரிபார்த்த பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. இதே கணக்க எங் கடனுக்கும் போடுங்க."

அந்த மூன்று அட்டைகளையும் முதல்முறையாக வரிவரியாகப் படித்தேன். நியாயமாக முதல் நாளே செய்திருக்க வேண்டும். அன்று அவள் எதை மறைக்கிறாள் என்று துருவியதில், கம்பெனி எதை மறைத்தது என்று நான் பார்க்கவே இல்லை. அதில் ஒரு கம்பெனி கணவரின் பெயரில் காப்பீடு என்று இரண்டு முறை பணம் பிடித்திருந்தது. கணவரின் வருமானம் மாதம் இருபதாயிரம் என்று அட்டையின் பின்பக்கமிருந்த விண்ணப்ப விவரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அவள் சொன்னதில்லை என்று சத்தியம் செய்தாள்.

"இதுக்குப் பதினாறு போட மாட்டீங்களா?"

"அந்தப் பதினாறு இவங்களுக்குக் கெடையாதும்மா. அது மாநிலத்துச் சட்டம். இவங்க மத்திய விதிக்குக் கட்டுப்பட்டவங்க. அங்க இத்தன சதவீதம்னு உச்சவரம்பு வெக்கல."

அவள் அட்டைகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

காப்பீட்டுப் பணத்தைத் திருப்பித் தரவும், மூன்று வருடத்துக்குத் தவணையைச் சிறிதாக்கவும் கேட்டு அந்தக் கம்பெனிக்குக் கடிதம் தயாரித்தேன். மறுநாள் மையத்தின் தலைவர் அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"அந்தக் கம்பெனி நமக்கு வருஷா வருஷம் நிதி தர்றாங்க. லெட்டர்ல நம்ம பேரு வேணாமே. நம்ம வேல ஆலோசனை சொல்றது. புகார் எழுதறதில்ல."

மையத்தின் தலைப்பு இல்லாத தாளில், அவளே எழுதுவது போல மாற்றினேன். அதற்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவளிடம் கையெழுத்து வாங்கும்போது நடந்ததைச் சொன்னேன். "தெரிஞ்சதுதான" என்று கையெழுத்திட்டாள். பெயருக்கு நான் விட்டிருந்த இடத்தையும் அவளே நிரப்பினாள். அப்போதுதான் அவள் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன்.

கடிதம் போனது. பதில் வராது என்று இருவரும் உறுதியாக நம்பினோம். ஒன்றரை மாதத்தில் வந்தது. ஒரு காப்பீட்டுப் பணம் திரும்ப வந்தது. தவணைகளும் நீண்டு, மாதம் நாலாயிரம் குறைந்தது. தெருமுனையில் நின்ற ஆளும் மாறிவிட்டான். புதியவன் மரியாதையாகப் பேசுகிறான், அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

இதற்கிடையில் அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. லைசென்ஸ்தான் இல்லை என்கிறார்கள், வாங்கிவிட்டால் என்ன? அந்த லைசென்ஸைத் தரும் கூட்டுறவுத் துறை அலுவலகத்துக்கு என்னைத் துணைக்கு அழைத்தாள். அங்கிருந்த எழுத்தர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். வசதியான ஒருத்தி ஏழை ஒருத்தியின் பேரில் வட்டிக்கடை வைக்க வந்திருக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம். கேள்வியெல்லாம் என்னிடம் கேட்டார், கன்னடத்தில். எனக்கு இல்லை, இவருக்குத்தான் என்று நானும் கன்னடத்தில் சொல்லச் சொல்ல அவர் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. விண்ணப்பத்தோடு கட்ட வேண்டிய வைப்புத்தொகை, மாதாமாதம் காட்ட வேண்டிய கணக்கு எல்லாம் சொன்னார். சுவரில் பலகை இருந்தது. அடமானக் கடனுக்குப் பதினாலு, அடமானம் இல்லாததற்குப் பதினாறு.

அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மெல்லச் சிரித்தாள். நான் பார்த்து அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

"நான் வாங்கறதே இருபத்து நாலுக்கு. பதினாறுக்குக் குடுத்தா மீதிய யாரு கட்டறது, இவரா?"

விண்ணப்பத்தை எழுத்தரின் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தோம்.

முடிவில் பதினோரு கணக்கையும் பதினாறு சதவீதத்துக்கே முடித்தாள். நாலு பேருக்குக் கடன் தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பேருக்கு அவள் திருப்பித் தர வேண்டியிருந்தது. மற்ற ஐந்து பேரிடம், மீதி அசலை முடிந்தபோது கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தானே போய்ச் சொன்னாள். மூவர் கொடுத்தார்கள். ஒருத்தி வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தி இன்றுவரை அவளைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாளாம். ஏன் இவ்வளவும் செய்தாள் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். யாராவது போலீசுக்குப் போய்விடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். கேட்டேன். "கணக்கு அப்படித்தான வருது" என்று மட்டும் சொன்னாள்.

சப்பாத்தி போடும் அம்மாவுக்கு இரண்டு தடவையாக அந்தப் பணத்தைக் கொடுத்தாள். அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"ஏன் மேடம் குடுக்கறா? வாங்கினா நான் எதுலயாவது மாட்டிக்குவேனா? கையெழுத்து கேட்டாப் போடலாமா?"

உங்கள் பணம்தான், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு மாதம் செலவு செய்யாமல் அரிசி டின்னுக்குள் வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

அந்தப் பெண் விடுமுறை நாட்களில் அடுக்குமாடி வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலையும் எடுத்துக்கொண்டாள். கணவருக்கு உட்கார்ந்து பார்க்கிற செக்யூரிட்டி வேலை கிடைத்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு, மூன்றில் இரண்டு சங்கம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னாள். மறுபடி யாருக்காவது கொடுக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். நம்புவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சப்பாத்தி போடும் அம்மா போன ஜூனில் மையத்துக்கு வந்தார். பேரனைப் பள்ளியில் சேர்க்க எட்டாயிரம் வேண்டும். அவளிடம் கேட்டிருக்கிறார். இனி யாருக்கும் தர மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாளாம்.

"சட்டம் வந்து அவள நிறுத்திடுச்சு. சரி. இப்ப நான் யாருகிட்ட போறது?"

எனக்குத் தெரிந்த இரண்டு வங்கிக் கிளைகளுக்கு அவரை அழைத்துப் போனேன். ஒன்றில் வயதைக் கேட்டார்கள். இன்னொன்றில் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். பிஜியில் சப்பாத்தி போடுகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? நானே கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆலோசகர்கள் அப்படிச் செய்யக் கூடாது. செய்யவில்லை.

கடைசியில் பிஜி முதலாளியிடமே வாங்கிக்கொண்டார். மாதம் ஆயிரமாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார், வட்டி கிடையாது, தங்கமான மனிதர் என்று போனில் சொன்னார். வேறு ஏதாவது எழுதி வாங்கினாரா என்று கேட்டேன். எதுவும் எழுதவில்லையாம்.

"கடன் தீர்ற வரிக்கும் ஞாயித்துக்கிழம லீவு வேணாம், அதுக்குத் தனிக் கூலி கெடையாதுன்னு மட்டும் சொன்னாரு. நானும் சரின்ட்டேன். லீவுல வூட்ல இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

எட்டு மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு தாளில் எழுதி, அவருடைய ஒருநாள் சம்பளத்தால் பெருக்கிப் பார்த்தேன். வாங்கிய பணத்தைவிட அதிகமாக வந்தது. அவரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பள்ளிக்கூடம் அதற்குள் திறந்துவிட்டிருந்தது. பையன் புதுச் சீருடையில் நிற்கும் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார்.